நாலு மணிக் கச்சேரி

(புதுச்சேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சால்வை போடுவதைக் கூட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு முதியோர் இல்லம் ஒன்றில் வயலின் வாசிக்க அழைத்தார்கள். எந்த இல்லம் என்பது வேண்டாம். பிழையில் பாதி என்னுடையது. சபாவுக்குப் போவது போலவே போனேன். வர்ணம், பிள்ளையார் கிருதி, விஸ்தாரமாக ஒரு கல்யாணி, தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள். கூடவே மிருதங்கம், கடம், மைக், ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு. மதியத் தூக்கத்தில் இருந்தவர்களை மூன்று மணிக்கு எழுப்பி, முகம் கழுவிவிட்டு, சிலரைச் சக்கர நாற்காலியிலும் சிலரைக் கைத்தாங்கலாகவும் கொண்டுவந்து வரிசையாக உட்கார வைத்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. புரவலருக்குச் சால்வை, எனக்குச் சால்வை, மிருதங்கக்காரருக்குச் சால்வை. நாற்பது நிமிடம் அதிலேயே போயிற்று. ஒருவழியாக நான் கல்யாணியில் மேல் ஷட்ஜத்தைப் பிடித்து நிற்கிறேன், முன்வரிசையில் இருந்த ஆயா ஒருவர், ஸ்பீக்கரையும் மீறிக் கேட்கும் குரலில், "இன்னும் எவ்ளோ நேரம் இருக்குது? டீ வருமா வராதா?" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றிருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் புலம்பினேன். பிறகுதான் உறைத்தது, அந்தக் கூடத்தில் இருந்த ஒரே ரசிகர் அவர்தான் என்று. மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களைப் பாருங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து காண்டீனுக்குப் போய்விடுவார்கள். யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. எழுந்து போக முடிந்தவர் போகாமல் உட்கார்ந்திருந்தால்தானே அது ரசிப்பு? அந்த ஆயாவால் எழுந்து போக முடியவில்லை. வாய் ஒன்றுதான் அவர் வசம் இருந்தது, அதைப் பயன்படுத்தினார்.

இல்லம், காப்பகம், நீண்டகால வார்டு, மனநல விடுதி, சிறை என்று பெயர்கள் வேறுபடலாம். உள்ளே போனவருக்கு நடப்பதில் ஒன்று பொது. எப்போது எழுவது, எப்போது குளிப்பது, இட்லியா உப்புமாவா, விளக்கை எப்போது அணைப்பது என்பதை வேறொருவர் முடிவு செய்வார். அரசுக் கோப்பில் அவருக்குப் 'பயனாளி' என்று பெயர். இசைக் கலைஞர்களாகிய நாங்களும் போய் அவரை இன்னொரு தரம் பயனாளி ஆக்கிவிட்டு வருகிறோம். அவரை மறுபடி ரசிகராக்குவது எப்படி என்பதுதான் இன்று என் பேச்சு.

இலவசமாக இசை கேட்பது நமக்குப் புதிதில்லை. டிக்கெட் வாங்கிக் கேட்பதுதான் நேற்று வந்த பழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்கள், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். ஒருவர் இறந்துபோனால் அவருடைய இடத்துக்கு யார் வருவது, வருகிறவருக்குத் தகுதி இல்லையென்றால் என்ன செய்வது என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்பவரிடம் காசு வாங்கவில்லை, பாடுபவருக்கோ நெல் தவறவில்லை. அந்தக் கல்வெட்டையும் ஓர் அறக்கட்டளைப் பத்திரம் என்றே சொல்லலாம். அறக்கட்டளைச் சொற்பொழிவில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது!

மருத்துவமனைக்கும் நம்மிடம் கல்வெட்டு உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஓர் ஆதுலர் சாலையைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டு வருபவர் என்று பட்டியல் நீள்கிறது. பாடுபவர் அதில் இல்லை. ஆனால் அதற்கும் பல நூற்றாண்டு முந்திய சரக சம்கிதையின் சூத்திரத்தானம் 15ஆம் அத்தியாயத்தில், சிகிச்சைக்கான வீட்டில் இருக்க வேண்டியவர்கள் யார் யார் என்று சொல்லும்போது, சமைப்பவர், குளிப்பாட்டுபவர், மருந்து அரைப்பவர் ஆகியோரோடு பாட்டிலும் வாத்தியத்திலும் கதை சொல்வதிலும் வல்லவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். அவர்களை விருந்தாளியாகச் சொல்லவில்லை. பணியாளர் வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். வயலின்காரன் என்பதால் யெகுதி மெனுகினைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 1945 ஜூலையில், ஜெர்மனியில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமிலிருந்து மீட்கப்பட்டவர்கள் இன்னும் அங்கேயே தங்கியிருந்த நேரத்தில், மெனுகின் அங்கே போய் வாசித்தார். பியானோவில் உடன் வாசித்தவர் பெஞ்சமின் பிரிட்டன். அந்தக் கூட்டத்தில் அனிதா லாஸ்கர் என்ற இளம் செல்லோ கலைஞரும் இருந்தார். ஆஷ்விட்ஸ் முகாமின் வாத்தியக் குழுவில் வாசித்ததால் உயிர் தப்பியவர் அவர். கட்டளைக்கு வாசித்துப் பிழைத்த ஒருவர், கொலைக்களத்துக்கு வெளியே வந்து முதலில் கேட்ட கச்சேரிகளில் ஒன்று அது. மெனுகினுக்கு இந்தியாவோடு இருந்த உறவு உங்களுக்குத் தெரியும். 1952இல் இங்கு வந்தார். ரவிசங்கரின் தோழர், பி.கே.எஸ். ஐயங்காரின் யோக மாணவர். 1977இல் அவர் இங்கிலாந்தில் தொடங்கிய 'லைவ் மியூசிக் நவ்' அமைப்பு, இளம் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து, முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் அனுப்புகிறது. வாசிப்பவருக்கு ஊதியம் உண்டு. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவேன்.

அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1974இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மிமி ஃபரீனியா என்ற பாடகி இதே வேலையைத் தொடங்கிவிட்டார். பாடகி ஜோன் பயஸின் தங்கை. 1972இல் சிங் சிங் சிறையில் பி.பி. கிங், ஜோன் பயஸ் ஆகியோர் பாடிய நிகழ்ச்சியில் அவரும் இருந்தார். சிறை, மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று அடைபட்டுக் கிடப்பவர்களிடம் போய் இலவசமாகப் பாட அவர் ஏற்படுத்திய அமைப்பின் பெயர் 'ரொட்டியும் ரோஜாவும்'. 1912இல் லாரன்ஸ் நகரத் துணி ஆலைகளில், பெரும்பாலும் பெண்கள், கூலிக் குறைப்பை எதிர்த்து நடத்திய வேலைநிறுத்தத்தோடு சேர்த்துப் பேசப்படும் சொல் அது. துணி ஆலை என்றதும் நம் ஊர்க்காரருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1936 ஜூலை 30, சவானா மில் துப்பாக்கிச் சூடு, உயிரிழந்த 12 தொழிலாளர்கள். ரொட்டிக்கான போராட்டத்தை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ரோஜாவின் பக்கம் இன்னும் போகவில்லை.

இந்தியாவில் இதற்கு முன்னுதாரணம் தேடினால் தொலைவு போக வேண்டாம். நம் மாஹேவிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் கொச்சி. அங்கே எர்ணாகுளம் அரசுப் பொது மருத்துவமனையில் 2014இல் கொச்சி பினாலே அறக்கட்டளையும் மெஹ்பூப் நினைவு இசைக்குழுவும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். புதன்கிழமைதோறும் மருத்துவமனை வளாகத்திலேயே பாட்டு. நோயாளி, உடன் வந்தவர், நர்ஸ், துப்புரவுப் பணியாளர் என்று யார் வேண்டுமானாலும் நின்று கேட்கலாம், நகர்ந்தும் போகலாம். பெரும்பாலும் பழைய மலையாள, இந்திப் படப் பாடல்கள். நூறு வாரங்களைத் தாண்டியும் நடந்தது. எனக்கு இதில் பிடித்தது 'புதன்கிழமை' என்ற அந்த ஒரு சொல்தான். படுத்துக் கிடப்பவருக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுபோலத்தான் விடியும். கிழமைக்கு ஓர் அடையாளம் கிடைத்தால் செவ்வாய்க்கும் ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது. நாளைக்குப் பாட்டு!

புதுச்சேரியில் எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, வேறு வகையில். கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்தில் உள்ள மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடம் இசைச் சிகிச்சைக்கென்றே கல்வி, ஆராய்ச்சி மையம் ஒன்றை நடத்தி வருகிறது. அதை உருவாக்கியவர் டாக்டர் சுமதி சுந்தர். இசைச் சிகிச்சையைப் பாடமாகப் படித்து, பயிற்சி பெற்று, மருத்துவரோடு சேர்ந்து ஒரு நோயாளிக்கென்று திட்டம் வகுத்துச் செய்கிற துறை அது. நான் பேசுவது வேறு. நான் சிகிச்சையாளன் இல்லை. கையில் வயலின் இருக்கிறது என்பதற்காக டாக்டர் வேஷம் போடக் கூடாது. இந்த ராகம் ரத்த அழுத்தத்துக்கு, அந்த ராகம் சர்க்கரைக்கு என்று கைபேசியில் சுற்றும் பட்டியல்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. ராகங்கள் மாத்திரை டப்பா இல்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்டால், அடக்கமாகத்தான் சொல்கிறது. மறதி நோய் உள்ளவர்களுக்கு இசை வழியாகச் செய்யும் பணிகளைப் பற்றி 22 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வின்படி, மனச்சோர்வு சற்றுக் குறையக்கூடும்; போன நினைவு திரும்புவதற்கோ கிளர்ச்சி அடங்குவதற்கோ பெரிய சான்று இல்லை. அதே மதிப்பாய்வு குறைந்தது ஐந்து அமர்வுகள் நடந்த பணிகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டது. ஐந்து! நாமோ பொங்கலுக்கு ஒரு தரம், முதியோர் தினத்துக்கு ஒரு தரம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி விடுகிறோம்.

சட்டமும் இதை மறக்கவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, பிரிவு 19, முதியோர் இல்லங்களில் மருத்துவ வசதியோடு பொழுதுபோக்குக்கான வழியும் இருக்க வேண்டும் என்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ம் ஓய்வு, பொழுதுபோக்கு இரண்டையும் உள்ளிருப்பவரின் உரிமையாகச் சொல்கிறது. நடைமுறையில் இந்தப் பிரிவுகளை நிறைவேற்றுவது சுவரில் ஆணி அடித்து மாட்டிய ஒரு டி.வி. ரிமோட் வார்டன் மேசையில்.

இத்தனைக்கும் இது இலவச இசைக்குப் பஞ்சமில்லாத ஊர். ஜூன் 21 வந்தால் அலியான்ஸ் பிரான்சேஸ் இசைத் திருவிழா நடத்துகிறது. பிரான்சில் 1982இல் தொடங்கிய பழக்கம் இது. கடற்கரைச் சாலையில் போலீஸ் பேண்டு வாசிக்கும். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடலோரத்தில் எத்தனை நாகஸ்வரம், எத்தனை தவில்! அதே பிரான்சில் 1999இல் பண்பாட்டு அமைச்சகமும் சுகாதார அமைச்சகமும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குள் கலையைக் கொண்டுபோக வழி செய்தன. திருவிழாவை வாங்கிக்கொண்ட நாம் ஒப்பந்தத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம் போலிருக்கிறது.

கடந்த சில ஆண்டுகளாக நானும் என் மாணவர்களும் ஓர் இல்லத்துக்கு வாரம் ஒரு நாள் போகிறோம். டீ கொடுத்து முடிந்த பிறகு, நாலு மணிக்கு. அந்த ஆயாவிடம் கற்ற பாடம். நாற்பது நிமிடம், அதற்கு மேல் கிடையாது. மைக் இல்லை. வயதானவர்களுக்கு முதலில் மங்குவது உச்ச ஒலிகள். ஸ்பீக்கரைப் பெரிதாக வைத்தால் இரைச்சல்தான் கூடுமே தவிர பாட்டு தெளியாது. அதனால் சுருதியை இறக்கி, மந்தர ஸ்தாயியில் அதிகம் வாசிக்கிறோம். மேடை போடுவதில்லை. கட்டில் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் படுத்திருப்பவர் கழுத்தைத் தூக்காமல் விரலைப் பார்க்கலாம். பலர் விரலைத்தான் பார்க்கிறார்கள். நாகஸ்வரம் படிக்கும் பையன் ஒருவன் தானும் வருவேன் என்றான். கோபுரத்தைச் சுற்றிக் கேட்க வேண்டிய வாத்தியத்தை வார்டுக்குள் ஊதினால் மாத்திரை வேலை செய்யாது. அவனே வழி கண்டுபிடித்தான். முற்றத்து வேப்பமரத்தடியில், கட்டடத்துக்கு முதுகு காட்டி நின்று வாசித்தான். தூரத்துக் கோயிலிலிருந்து வருவது போல ஜன்னல் வழியே உள்ளே வந்தது.

என்ன வாசிப்பது என்பதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். பாரதி இந்த ஊரில் 1908 முதல் 1918 வரை இருந்தார். இங்கே எழுதிய குயில் பாட்டில், குயில் தன் மனத்தைப் பறிகொடுத்த பாட்டுகளாக அடுக்குவது ஏற்றம் இறைப்பவர் பாட்டு, நெல் குத்துவோர் பாட்டு, சுண்ணாம்பு இடிப்போர் பாட்டு. சங்கீதம் பற்றி எழுதிய கட்டுரையில் வித்துவான்கள் பழைய உருப்படிகளையே திரும்பத் திரும்பப் பாடுவதைக் கடிந்துகொள்கிறார். கருவடிக்குப்பத்துக் குயில் தோப்பு வழியாக நாற்பது ஆண்டு சைக்கிளில் போன எனக்கு இது மண்டையில் ஏற இவ்வளவு காலம் ஆயிற்று.

எங்கள் கட்டில்களில் இருப்பவர்கள் யார்? ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்தவர்கள். மில் சங்கு ஊதுவதை வைத்துச் சோறு வடித்த வீட்டுப் பெண்கள். வம்பாகீரப்பாளையத்தில் மீன் கூடை சுமந்தவர்கள். பாகூர்ப் பக்கம் நடவு நட்டவர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தா ஒருவர். மில்காரர்களுக்கு டி.எம்.எஸ். வேண்டும், அதிலும் எம்.ஜி.ஆருக்குப் பாடியது மட்டும். சிவாஜிக்குப் பாடியதை வாசித்தால் பாதிக் கட்டில் போர்வையை இழுத்துக்கொள்ளும். மீன்காரம்மா ஒருவர் கரைவலை இழுக்கும்போது ஆண்கள் பாடும் பாட்டைக் கேட்டார். எனக்குத் தெரியாது, அவரே சொல்லிக்கொடுத்தார். வயலினில் அதைப் பிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. "நீ இன்னா தம்பி, வாத்தியார்னு சொன்னாங்க" என்றார். சொல்தா தாத்தா ஒரு பிரெஞ்சுப் பாட்டை முனகிக் காட்டினார். மாணவி ஒருத்தி வீட்டுக்குப் போய்க் கைபேசியில் தேடிப் பிடித்து, அடுத்த வாரம் உருக்கமாக வாசித்தாள். கடைசி வரை கேட்டுவிட்டு, "ஏம்மா இழுக்கிறே? இது நடை போடுற பாட்டு" என்று கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக் காட்டினார்.

ஊமையாகக் கிடந்தவர் பாட்டைக் கேட்டதும் எழுந்து பாடினார் என்பது போன்ற கதையை நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். எனக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. வாய்த்தவர்கள் சொல்லட்டும்.

பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இலவசம் என்பது கேட்பவருக்கு. வாசிக்கும் இளைஞனுக்குப் பஸ் செலவு உண்டு, தந்தி அறுந்தால் மாற்ற வேண்டும், அன்று மாலை டியூஷன் வருமானம் போய்விடுகிறது. 'சேவைதானே' என்று அவனை அழைத்தால் முதல் வாரம் வருவான், நாலாவது வாரம் கல்யாண வரவேற்பில் கீபோர்டு வாசிக்கப் போவான். அவன்மேல் தப்பில்லை. கிழமை தவறாமல் ஆள் வர வேண்டுமென்றால் கிழமை தவறாமல் நெல் அளக்க வேண்டும். இன்று எனக்குத் தரப்போகும் சன்மானத்தை இரண்டு மாணவர்களின் அடுத்த மாதத்துக்கென்று ஒதுக்கிவிட்டேன். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்தும் அறக்கட்டளைகள் இந்த ஊரில் பல உண்டு. அவற்றில் ஒன்றாவது ஒரு வருடம் என்னைப் போன்றவரைப் பேச விடாமல், அந்தத் தொகையில் ஒரு வார்டுக்குப் பாட்டு அனுப்பலாம். இதை இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளவில்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். கடைசிக் கட்டில், சுவரோரம். நாங்கள் போன முதல் நாளே, நான் வில்லை வைத்ததும், "நிறுத்துப்பா" என்றார். பணியாளர் அக்கா ஓடிவந்து, "அவரு அப்படித்தான் சார், நீங்க வாசிங்க" என்றார். நான் நிறுத்தினேன். அந்த அறையை விட்டு வராந்தாவில் போய் வாசித்தோம். அடுத்த வாரம் வாசலில் நின்று, "வரலாமாங்க ஐயா?" என்று கேட்டேன். "வேணாம்" என்றார். போகவில்லை. அதற்கடுத்த வாரமும் கேட்டேன், வேண்டாம் என்றார். வாரா வாரம் இது நடந்தது. அந்தக் கட்டடத்தில் அவர் வேண்டாம் என்று சொல்லி நின்றது எங்கள் வாசிப்பு ஒன்றுதான் என்று பிறகு அக்கா சொன்னார். குளியலுக்கும் கஞ்சிக்கும் ஊசிக்கும் அவர் சொல்வது எடுபடாது.

நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, எனக்குக் காய்ச்சல். மூத்த மாணவனை அனுப்பிவிட்டு ஒரு வாரம் படுத்திருந்தேன். மறு வாரம் போய் வழக்கம்போல வாசலில் நின்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். திரும்பவில்லை.

"போன வாரம் வராந்தாவுல வாசிச்ச பையன் வந்திருக்கானா?" என்றார். "அவன் உன்னைவிட நல்லா வாசிக்கிறான். அவனை வரச் சொல்லு."